ஆற்ற பெடியன்? காமா வீட்டுப் பிள்ளைகளும் ஒரு பேரின் கடனும்

விடத்தல்தீவில் புதுசா ஒரு பெடியன் பந்தடிக்க இறங்கினால், அவன் எப்படி விளையாடுறான் எண்டு பார்க்க முதலே சனம் ஒரு கேள்வி கேட்கும்: "ஆற்ற பெடியன்?" தகப்பன் நல்ல ஆட்டக்காரன் என்றால் முதல் பந்து தவறினாலும் பொறுத்துக்கொள்வார்கள். பத்தாவது பந்தும் தவறினால், அதே தகப்பனின் பேரைச் சொல்லித்தான் ஏச்சு விழும்.

இந்தக் கேள்வியை விடாமல் கேட்கிற ஒரு தொழில் இருக்கு: தொழில்முறை மல்யுத்தம், எங்கட வாயில ரெஸ்லிங். அங்கே முடிவுகள் பெரும்பாலும் முன்கூட்டியே பேசப்பட்டவை. அதனால் வெற்றி தோல்வியை விட, வருகிறவன் ஆர் என்ற கதைதான் டிக்கெட்டை விற்கும். நாங்கள் எல்லாரும் பார்த்து வளர்ந்த 'த றொக்' நல்ல உதாரணம். அவருடைய தகப்பன் றொக்கி ஜோன்சன், தாத்தா முறையான பீட்டர் மைவியா, இரண்டு பேரும் பேர்பெற்ற மல்லர்கள். 1996 நவம்பரில் அவர் நியூயோர்க்கில் இறங்கியபோது, இருவரின் பேரையும் சேர்த்து 'றொக்கி மைவியா' என்றே இறக்கினார்கள். கொஞ்ச மாதத்தில் சனமே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. தாத்தாவின் பேரைக் கழற்றி வைத்துவிட்டு, தனக்கென்று ஒரு வாயையும் திமிரையும் உண்டாக்கிய பிறகுதான் அவர் எழும்பினார்.

பேரைக் கழற்றி வைக்க அவருக்கு முடிந்தது. முடியாமல் போன ஒருவனின் கதை எங்களுக்கு இன்னும் கிட்ட, லாகூரில் இருக்கு.

அந்தக் கதை காமா பயில்வானில் தொடங்குது. 1878 இல் பிறந்த குலாம் முகமது, குடும்பத் தொழிலுக்குத்தான் வந்தார். தகப்பன் மல்லர். அவர் சின்ன வயதிலேயே இறந்துபோக, தாய்வழி உறவினர்கள் வளர்த்துப் பழக்கினார்கள். 1910 இல் காமாவும் தம்பி இமாம் பக்ஷும் லண்டனுக்குப் போனார்கள். உயரம் காணாது என்று காமாவைப் போட்டிக்குச் சேர்க்கவில்லை. அவர் எல்லாருக்கும் பகிரங்கமாகச் சவால் விட்டார். செப்டெம்பர் 10 அன்று போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் போயும் முடிவு இல்லை. ஒரு கிழமை கழித்து நடக்கவிருந்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928 இல் பட்டியாலாவில் இருவரும் திரும்ப மோதினபோது, ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை விழுத்திவிட்டார்.

பட்டியாலா என்ற இடத்தைக் கவனியுங்கோ. காமாவின் பாலுக்கும் பாதாமுக்கும் காசு கொடுத்தது சமஸ்தானங்கள். ஒரு பயில்வானை வைத்திருப்பது மகாராசாவுக்குக் கௌரவம். 1947 இல் நாடு பிரிந்தது, கொஞ்ச காலத்தில் சமஸ்தானங்களும் போயின. அரண்மனைக் காசு நின்றபிறகு லாகூர்ப் பக்கம் வந்த இந்தக் குடும்பத்திடம் மிஞ்சின முதல், காமா என்ற பேர்தான். இமாம் பக்ஷின் மகன்மார் போலு, அஸ்லம், அக்ரம், அசாம், கோகா ஆகியோர் 'போலு சகோதரர்கள்' என்ற பேரில் வெளிநாடுகள் வரைக்கும் போய், டிக்கெட் போட்டு மோதினார்கள். மண் களத்தில் பழகினவர்கள் கயிறு கட்டின மேடைக்கு ஏறினார்கள். காமாவின் வீட்டுப் பிள்ளைகள் என்பதைப் பார்க்கத்தான் சனம் காசு கொடுத்தது. ஆகவே ஒருவன் தோற்றாலும் தோற்கிறது முழு வீடும்தான்.

அது 1976 டிசெம்பர் 12 அன்று கராச்சியில் நடந்தது. எதிரில் நின்றவர் ஜப்பானின் அன்டோனியோ இனோகி. அதே வருசம் ஜூனில் டோக்கியோவில் மொஹமட் அலியோடு 15 சுற்று மோதி, நிலத்தில் கிடந்தபடியே அலியின் காலை உதைத்து, சமநிலையில் முடித்தவர். அவரை எதிர்த்து நின்ற அக்ரமுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஜப்பான் பக்கத்துக் கதைப்படி, பேசி வைத்த ஆட்டம் என்று நினைத்து வந்தவர்களுக்கு, இது நிசச் சண்டை என்று கடைசி நேரத்தில்தான் தெரிந்ததாம். மூன்றாம் சுற்றில் இனோகி அக்ரமின் கையை முறுக்கினார். அக்ரம் விட்டுக்கொடுக்கவில்லை. கைதான் விட்டுக்கொடுத்தது. மேடையில் இனோகி கையை உயர்த்திக்கொண்டு நிற்க, மைதானமே வாயடைத்துப்போனது.

இப்ப வீட்டுக்கு ஒரு ஆள் வேணும். அஸ்லமின் மகன் சுபைர், 'ஜாரா' என்று கூப்பிடுவார்கள். அக்ரமுக்குப் பெறாமகன். காமா செத்த அதே 1960 இல் பிறந்தவன். சித்தப்பாவின் கை போனபோது அவனுக்குப் பதினாறு வயது. அவனைப் பிடித்துக் களத்தில் இறக்கி, விடிய முதல் எழுப்பி, தண்டாலும் பஸ்கியும் எடுப்பித்து, ஒரே ஒரு ஆளுக்காகத் தயார்ப்படுத்தினார்கள்.

1979 ஜூன் 17, லாகூர் கடாஃபி மைதானம். ஜாராவுக்குப் பதினெட்டு, இனோகிக்கு முப்பத்தாறு. ஐந்து சுற்று ஓடியது, ஒருவரும் விழவில்லை. கடைசியில் இனோகியே பெடியனின் கையைப் பிடித்து உயர்த்தினார். ஜப்பான்காரர் அதைச் சமநிலை என்று எழுதி வைத்தார்கள். லாகூர்ச் சனம் அதை வெற்றி என்று கொண்டாடியது. எங்களுக்கு இரண்டும் உண்மையாகத்தான் படுது: ஆட்டம் சமநிலை, கடன் தீர்ந்தது.

ஆனால் பதினெட்டு வயதில் வாழ்க்கையின் ஒரே வேலை முடிஞ்சுபோனால் மிச்சக் காலத்துக்கு என்ன செய்யிறது? ஜாரா 1991 இல் இறந்துபோனான். வயது முப்பதை ஒட்டித்தான். போதைப் பழக்கம் அவனை அரித்ததாக அங்கே பரவலாகச் சொல்வார்கள். 2012 இல் இனோகி பாகிஸ்தானுக்கு வந்து அவனுடைய கல்லறையில் நின்றார். பிறகு அதே குடும்பத்துப் பெடியன் ஒருவனை ஜப்பானுக்குக் கூட்டிப்போய் மல்யுத்தம் பழக்கினார். கையை முறித்த ஆளே அடுத்த தலைமுறைக்கு வாத்தியார். அழகான செய்திதான். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கும் முதலில் விழுந்திருக்கக்கூடிய கேள்வி அதே "ஆற்ற பெடியன்?" தான்.

இவ்வளவும் வாசிச்சுக்கொண்டு போகேக்க எங்களுக்கு ஒரு விசயம் தட்டுப்பட்டது. காமா விட்டுப்போனது பட்டமும் பழிவாங்கலும் மட்டும் இல்லை. 1947 இல் லாகூர் எரிந்தபோது, அவர் இருந்த மோனி வீதியில் இந்துக் குடும்பங்களும் இருந்தன. அவர்களை வெட்ட வந்த கூட்டத்தை அவர் தெருமுனையில் மறித்துத் திருப்பி அனுப்பினார், பிறகு அவர்களைப் பாதுகாப்பாக எல்லைக்கு வழியனுப்பி வைத்தார் என்று சொல்லப்பட்டு வருது. அப்ப அவருக்கு வயது எழுபதுக்குக் கிட்ட. இந்தச் சண்டைக்கு டிக்கெட் இல்லை, நடுவர் இல்லை, பட்டியும் இல்லை. ஸ்பிஸ்கோவை வென்றதை விட இதுதான் அவருடைய பெரிய சண்டை என்று நாங்கள் நினைக்கிறம்.

இது எங்களைச் சும்மா விடாத கதை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றினபோது, விடத்தல்தீவிலிருந்தும் குடும்பங்கள் கையில கிடைச்சதோட புத்தளம் பக்கம் போயின. நாங்கள் பிறக்க முதல் நடந்தது. ஆனால் போனவை எங்கட வீடுகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

காமா வீட்டுப் பிள்ளைகளிடம் "இனோகியை வெல்லு" எண்டு கேட்டவை கனபேர். "அவர் தெருமுனையில நிண்ட மாதிரி நீயும் நில்லு" எண்டு ஆரும் கேட்டதாக நாங்கள் எங்கேயும் வாசிக்கேல்லை. ஒரு பேரைப் பிள்ளையிடம் கொடுக்கிறவர்கள் அதில் எந்தப் பங்கைக் கொடுக்கினம் எண்டதில்தான் எல்லாம் இருக்கு. உங்கட வீட்டு மூத்தவர்களிடம் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ: அந்த ஒக்டோபரில் எங்கட ஒழுங்கைகளில் ஆராவது நிண்டவையா? நிண்டிருந்தால் அவையின்ர பேர் என்ன? அந்தப் பேருக்குப் பின்னால போக நாங்கள் தயார்.