சேவல் கொண்டையில் தொடங்கிய ஊசியின் கதை



முன்பு என்னிடம் படித்த ஒரு தம்பி போன கிழமை வீட்டுக்கு வந்தார். ஜிம்முக்குப் போகிறவர். கல்யாணமும் பேசி வைத்திருக்கிறார்கள். "சேர், கிழமைக்கு ஒரு டெஸ்டஸ்டரோன் ஊசி போட்டா உடம்பு ஏறுமாம். நம்மட உடம்பில தானா ஊறுறதுதானே, அதால என்ன பிழை வரப்போகுது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1849இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்ற பேராசிரியர் சேவல்களின் விதைகளை அகற்றிப் பார்த்தார். கொண்டை சுருங்கியது, கூவலும் சண்டையும் போயின. ஆனால் விதையை வயிற்றுக்குள் வேறிடத்தில் வைத்த சேவல்கள் வழமைபோல் வளர்ந்தன. விதையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலக்கிறது என்பது அப்போது விளங்கியது.

அந்த ஒன்றைக் கையில் எடுக்க 86 வருடங்கள் சென்றன. இடையில், 1889இல், பரிஸில் பிரவுன்-செக்கார் என்ற 72 வயது அறிஞர் விலங்குகளின் விதைச் சாற்றைத் தனக்கே ஏற்றி, இளமை திரும்பியதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் ஓமோன் இருந்ததே இல்லை என்று சொல்லலாம். அவருடைய நம்பிக்கைதான் வேலை செய்தது. 1935இல் அம்ஸ்டர்டாமில் லக்கேரின் குழு சுமார் 100 கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டஸ்டரோனைப் பிரித்தது. அதே வருடம் புட்டெனன்ட், ருசிக்கா இருவரும் தனித்தனியாக அதைக் கொலஸ்ட்ரோலிலிருந்து செய்தும் காட்டினார்கள்.

மருந்து கிடைத்தது, ஆனால் உடம்பில் தங்கவில்லை. விழுங்கினால் ஈரல் அழித்துவிடும். ஊசியாகப் போட்டாலும் சீக்கிரம் கரைந்து போகும். வழி இரசாயனத்தில் இருந்தது. உயர்தரத்தில் எசுத்தர் படித்திருப்பீர்கள். டெஸ்டஸ்டரோனோடு ஒரு கொழுப்பமிலத்தை இணைத்தால் அது எண்ணெயில் கரையும். அந்த எண்ணெயைத் தசையில் ஏற்றினால், அங்கே தங்கி மெல்ல மெல்லக் கசியும். நொதியங்கள் அமிலத்தைக் கழற்றிவிட, மிஞ்சுவது உடம்பு சுரக்கும் அதே ஓமோன்.

அமிலச் சங்கிலி நீள நீள ஊசியின் காலமும் நீண்டது. 1930களின் புரொப்பியோனேற்றில் 3 காபன், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஊசி. 1950களின் எனந்தேற்றில் 7 காபன், இரண்டு மூன்று கிழமைக்கு ஒன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அன்டெக்கனோவேற்றில் 11 காபன். ஆமணக்கெண்ணெயில் கரைத்த 1000 மில்லிகிராம், 10 முதல் 14 கிழமைக்கு ஒரு தடவை போதும்.

பிறவியிலேயே விதைகள் சரியாக இயங்காதவர்கள், நோயால் விதையை இழந்தவர்கள், கபச்சுரப்பியில் கட்டி வந்தவர்கள் ஆகியோருக்கு இது பெரிய நிஃமத். பருவம் மிகவும் பிந்தும் பையன்களுக்கும் சில மாதங்கள் கொடுப்பார்கள்.

இனி அந்தத் தம்பியின் கேள்வி. வெளியிலிருந்து ஓமோன் வந்தால் மூளை "போதும்" என்று நினைத்து விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். 1990இல் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 7 நாடுகளில் 271 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கிழமைக்கு 200 மில்லிகிராம் எனந்தேற் போட்டார்கள். எதற்கு? ஆண்களுக்கான கருத்தடையாக! ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோரின் விந்தில் ஓர் அணுவும் இல்லை. நிறுத்திய பிறகு மீண்டும் வந்தது, ஆனால் அதற்கு மாதக்கணக்கில் எடுத்தது. ஜிம்களில் இதைவிடக் கூடுதலாகவும், வேறு மருந்துகளோடு கலந்தும் போடுகிறார்கள். அப்போது இன்னும் தாமதமாகலாம்.

பிள்ளை தாமதமானால் நம் ஊரில் முதலில் மருமகளைத்தான் பார்ப்பார்கள். வைத்தியரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு அலைவார்கள். கணவன் போட்ட ஊசியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

தம்பிமாரே, போட்டிருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். உண்மையிலேயே குறை இருக்கிறதோ என்று நினைப்பவர்களும் வெட்கப்பட வேண்டாம். காலையில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை, இரண்டு தடவை செய்தால் தெரிந்துவிடும். இல்லாதவருக்குக் கொடுப்பதற்காகத்தான் இத்தனை வருடம் பாடுபட்டு இந்த மருந்தைச் செய்தார்கள். இருக்கிறவர் போட்டால் இருப்பதும் நின்றுவிடும்.