ஆல்ஃபா சென்டாரியின் இரட்டைத் தன்மையும் புதுச்சேரி – சென்னை நோக்கீடுகளும்

முன்னுரை

சூன் மாத நடுவில் இரவு ஒன்பது மணியளவில் தாம்பரத்திலிருந்து தெற்கே நோக்கினால், அடிவானத்துக்கு மேல் ஒளிமிக்க இரு விண்மீன்கள் அருகருகே தோன்றும். அவற்றுள் இடப்புறம் உள்ளதும் ஒளி மிகுந்ததும் ஆல்ஃபா சென்டாரி ஆகும். ஏறத்தாழ 16 பாகைக்கு மேல் அது இங்கு உயர்வதில்லை. தென்புறநகர்களின் விளக்கொளியையும் தூசியையும் கடந்து அது இன்றும் புலப்படுகிறது. வடக்கு அகலாங்கு 29 பாகைக்கு அப்பால் அது எழுவதே இல்லை. பாரிசும் இலண்டனும் காண இயலாத இவ்விண்மீனின் ஆய்வில் தமிழ்நிலத்துக்கு இடம் கிடைத்தமைக்கு இவ்வகலாங்கு வேறுபாடே முதற்காரணம். ஆயினும், தமிழகத் தொலைநோக்கி வானியலின் வரலாறு பெரும்பாலும் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகத்திலிருந்தே தொடங்கப்படுகிறது. இத்தொடக்கம் ஒரு நூற்றாண்டு பிந்தியது.

புதுச்சேரி, 1689

சயாம் நாட்டின் 1688-ஆம் ஆண்டு அரசியல் மாற்றத்தால் அங்கிருந்து வெளியேறிய இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, புதுச்சேரியில் தங்கினார். 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் நோக்கியபோது, ஆல்ஃபா சென்டாரி ஒன்றன்று, இரண்டு விண்மீன்கள் என்பதைக் கண்டார். வானியற்பியலாளர் என். காமேஸ்வர ராவும் இணையாசிரியர்களும் 1984-இல் இந்நோக்கீடுகளை விரிவாக எடுத்துரைத்தனர்.

ரிஷோ கண்டது இரு ஒளிப்புள்ளிகளையே. அவை பார்வைக் கோட்டில் தற்செயலாக அருகமைந்தவையா, ஈர்ப்பால் பிணைந்தவையா என்னும் வினா அன்று எழவில்லை. இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதை வில்லியம் எர்செல் நிறுவியது 1803-இல்தான். எனவே ரிஷோவின் கண்டுபிடிப்பை இன்றைய பொருளில் இரும விண்மீன் கண்டுபிடிப்பு என்பது மிகையாகும். அதனைப் புறக்கணிப்பதோ வரலாற்றுப் பிழையாகும்.

சுற்றுக்காலமும் நிறையும்

விண்மீனின் நிறையை அறிய இரண்டு அளவுகள் வேண்டும்: தொலைவு, சுற்றுக்காலம். தாமசு எண்டர்சன் நன்னம்பிக்கை முனையில் எடுத்த நோக்கீடுகளின்வழி 1839-இல் தொலைவை அறிவித்தார். சுற்றுக்காலக் கணக்கீட்டில் சென்னை பங்கேற்றது. பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த சென்னை உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் எயர் பர்ட்டன் பாவெல், 1853 முதல் சென்னையில் இரட்டை விண்மீன்களை அளந்தார். தி. முத்துசுவாமி ஐயரின் ஆசிரியராகவே தமிழகம் அவரை நினைவுகூர்கிறது. ஆல்ஃபா சென்டாரியின் சுற்றுக்காலத்துக்கு அவர் பெற்ற விடை 76 ஆண்டுகளை ஒட்டியது. இன்றைய மதிப்பு 79.9 ஆண்டுகள். அடிவானத்தை ஒட்டிய காற்றடுக்கில் விண்மீனின் உரு நடுங்குவதையும், அதுவரை முழுச்சுற்று நோக்கப்படாததையும் எண்ணினால் இவ்விலகல் சிறிதே.

கணக்கீட்டின் அடிப்படை எளியது. இரு விண்மீன்களின் சராசரி இடைத்தொலைவு, புவி–சூரியன் தொலைவைப்போல் ஏறத்தாழ 23.4 மடங்கு. அதன் மும்மடியைச் சுற்றுக்காலத்தின் இருமடியால் வகுக்க, கூட்டுநிறை சூரியனைப்போல் இருமடங்கு எனக் கிடைக்கும். சூரியனைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் விண்மீன் ஒன்று, சற்றுச் சிறிய செம்மஞ்சள் விண்மீன் ஒன்று என்னும் இன்றைய விளக்கம் இவ்வடித்தளத்தின்மேல் அமைந்ததே. மங்கலான மூன்றாம் உறுப்பாகிய பிராக்சிமா 1915-இல்தான் அறியப்பட்டது.

சென்னை அளவீடுகள் யாவும் பிழையற்றவை அல்ல. வானாய்வக இயக்குநர் வில்லியம் சுடீபன் சேக்கப், 70 ஒபியூச்சி என்னும் இரட்டை விண்மீனின் இயக்கத்தில் கண்ட ஒழுங்கின்மைக்குக் கோள் ஒன்று காரணமாகலாம் என 1855-இல் எழுதினார். அக்கருத்து பின்னர் நிலைக்கவில்லை.

இவ்வாவணங்களில் உள்ளூர் உதவியாளர்களின் பெயர்கள் அரிதாகவே வெளிப்படுகின்றன. விதிவிலக்கு சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் அவர் கண்டறிந்த ஒளிமாறும் விண்மீன் ஆர் ரெட்டிகுலி, சென்னை வானில் ஆல்ஃபா சென்டாரியைக் காட்டிலும் தாழ்வாக, ஏறத்தாழ 14 பாகை உயரத்தில் மட்டுமே தோன்றுவது.