எதிர்த்திசையில் சென்ற ஹேரோ: 2022 நகராண்மைக் கழகத் தேர்தல் முடிவுகள்

லண்டன் மாநகரின் வடமேற்குப் புறநகரான ஹேரோவில் 2022 மே 5ஆம் தேதி நடைபெற்ற நகராண்மைக் கழகத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 31 இடங்களையும் தொழிற்கட்சி 24 இடங்களையும் வென்றன. மொத்தம் 55 இடங்கள். பெரும்பான்மைக்கு 28 தேவை. 2010 தொடங்கி மூன்று தேர்தல்களில் வென்ற தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது. பால் ஓஸ்போர்ன் மன்றத் தலைவரானார்.

அதே நாளில் லண்டனின் 32 வட்டாரங்களிலும் வாக்களிப்பு நடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர், வான்ஸ்வர்த், பார்னெட் ஆகிய கன்சர்வேட்டிவ் கோட்டைகள் தொழிற்கட்சியிடம் வீழ்ந்தன. பார்னெட்டை அடுத்துள்ள ஹேரோவோ எதிர்த்திசையில் சென்றது.

முந்திய முடிவோடு ஒப்பிடும்போது கவனம் தேவை. 2018இல் 63 இடங்கள் இருந்தன. தொழிற்கட்சி 35, கன்சர்வேட்டிவ் 28 பெற்றன. தொகுதி மறுசீரமைப்பில் 8 இடங்கள் குறைந்தும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 3 இடங்கள் கூடியுள்ளன.

வாக்களிப்பு முறை

வட்டாரத்தில் 22 தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும். எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள் வாக்காளருக்கு உண்டு. அதிக வாக்குகள் பெற்றவர்கள் வரிசைப்படி வெற்றி பெறுவர். தவணைக்காலம் நான்கு ஆண்டுகள். குப்பை அகற்றுதல், கட்டட அனுமதி, முதியோர் பராமரிப்பு, நூலகம், குடியிருப்பு வரி ஆகியவை மன்றத்தின் பொறுப்பு.

தமிழரும் ஹேரோவும்

ஈழத்தமிழர்கள் திரளாக வாழும் வட்டாரம் இது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 25.8 விழுக்காட்டினர் இந்துக்கள். இங்கிலாந்திலேயே இதுதான் ஆக அதிகம். இலங்கைத் தமிழரான தயா இடைக்காடர் 2012இல் இம்மன்றத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். சில நூறு வாக்குகள் முடிவை மாற்றக்கூடிய தொகுதிகளில், தமிழர் வாக்கை எந்தக் கட்சியும் ஒதுக்கிவிட முடியாது.

மலேசியருக்கும் வாக்கு

பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள், 18 வயது நிறைந்து வாக்காளராகப் பதிந்துகொண்டால் அங்கு வாக்களிக்கலாம். மலேசிய மாணவர்களும் ஊழியர்களும் இதில் அடங்குவர்.

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, தீபகற்பத்தில் மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கங்களே நியமிக்கின்றன. ஆக, ஹேரோவில் தங்கிப் படிக்கும் கிள்ளான் மாணவர் அங்குள்ள மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். சொந்த ஊரில் அந்த வாய்ப்பு அவருக்கு இல்லை.