எலி மருந்து நச்சு (நாய்)
புரோமாடியலோன் போன்ற எலி மருந்தைத் தின்ற நாய்க்கு வரும் இரத்தக்கசிவு நோய். இம்மருந்து வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்க, இரத்தம் உறையும் திறன் குறைகிறது. உடலில் மிச்சமுள்ள உறைகாரணிகள் தீரும்வரை நாய் வழக்கம்போல் ஓடியாடும். உரிமையாளர் ஏமாறுவது இங்கேதான். பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் சோர்வு, வெளிறிய ஈறு, மூச்சிரைப்பு, கறுத்த மலம் தோன்றும். அதுவரை காத்திராமல், தின்றது தெரிந்ததுமே மருந்தின் உறையோடு கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். உப்புக் கரைசல் புகட்டி வாந்தியெடுக்க வைப்பது ஆபத்தானது. முறிமருந்தான வைட்டமின் கே1 வழக்கமாக 3, 4 வாரம் தரப்படும். நிறுத்தியபின் 48 முதல் 72 மணி நேரத்தில் இரத்தம் உறையும் நேரம் சோதிக்கப்படும். சிங்க் பாஸ்பைடு வேறு வகை எலி மருந்து: வயிற்றில் பாஸ்பீன் வாயுவாகிச் சில மணி நேரத்திலேயே தாக்கும், முறிமருந்து கிடையாது. வாந்தியிலிருந்து கிளம்பும் வாயு அருகிலிருப்போரையும் பாதிக்கும்.