பி.ஆர்க். படிப்புக்கு அங்கீகாரம் கிடைப்பது எப்படி?

புது டெல்லி: இந்தியாவில் பி.ஆர்க். முடித்தவர் 'ஆர்கிடெக்ட்' என்று தம்மைக் குறிப்பிட்டுக்கொள்ள, கட்டடக் கலை கவுன்சிலின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தவருக்கு அந்தப் பதிவு கிடைக்காது. ஐந்து ஆண்டு உழைப்பும் கட்டணமும் இந்த ஒன்றைப் பொருத்தே பயன்தரும்.

1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டமே இதற்கு அடிப்படை. அங்கீகரிக்கப்பட்ட தகுதிகள் அச்சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. புதிய தகுதியைச் சேர்க்க, அதை வழங்கும் அமைப்பு மத்திய அரசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கவுன்சிலைக் கலந்தாலோசித்த பிறகே அரசு அறிவிக்கை வெளியிடும்.

மத்திய, மாநில சட்டங்களால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களின் பி.ஆர்க். பட்டம் பொதுவாகவே அட்டவணையில் உள்ளது. பல மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இங்குதான். பல்கலைக்கழக இணைப்பு மட்டும் போதாது. பாடம் நடத்தும் கல்லூரிக்குக் கவுன்சிலின் ஒப்புதலும் வேண்டும்.

அந்த ஒப்புதலுக்கான குறைந்தபட்சத் தரம், 2020 நவம்பர் 1 முதல் அமலில் உள்ள ஒழுங்குமுறைகளில் வரையறுக்கப்பட்டுள்ளது. இவை 1983-ஆம் ஆண்டின் விதிகளுக்கு மாற்றாக வந்தவை. படிப்பு ஐந்து ஆண்டுகள், பத்து பருவங்கள் கொண்டது. கவுன்சில் அனுப்பும் ஆய்வாளர்கள் ஆசிரியர் எண்ணிக்கை, கட்டடம், உபகரணங்கள், பயிற்சி வசதி ஆகியவற்றைப் பார்வையிட்டு அறிக்கை அளிப்பர். பாடம் நடத்துவதிலோ தேர்விலோ தலையிட அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

குறை காணப்பட்டாலும் அங்கீகாரம் உடனே பறிபோகாது. கவுன்சில் தனது கருத்தை அரசுக்குத் தெரிவிக்கும். கல்லூரியிடம் விளக்கம் கேட்கப்படும். அதன் பிறகே அங்கீகாரத்தைத் திரும்பப் பெறப் பரிந்துரைக்க முடியும். இறுதி முடிவு மத்திய அரசுடையது.

கட்டடக் கலைக் கல்வி யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்ற நீண்டகால சர்ச்சைக்கு, 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு கண்டது. இத்துறையின் பட்டம், பட்டயப் படிப்புகளில் 1972-ஆம் ஆண்டு சட்டமே மேலோங்கும் என்றும், ஏஐசிடிஇ ஒழுங்குமுறைகளை விதிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. நாக் தரவரிசையும் தேசிய அங்கீகார வாரியத்தின் சான்றும் கல்வித் தரத்தைக் காட்டலாம்; கவுன்சிலின் ஒப்புதலுக்கு அவை ஈடாகாது.

சட்டம் காப்பது 'ஆர்கிடெக்ட்' என்ற பெயரைத்தான் என்பதும் கவனிக்கத்தக்கது. பதிவு பெறாதவர் கட்டட வடிவமைப்புப் பணி செய்வதை இச்சட்டம் தடுக்கவில்லை. அப்பெயரைப் பயன்படுத்துவதையே தடுக்கிறது என 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஒப்புதல் பெற்ற கல்லூரிகளின் பட்டியலும் அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் கவுன்சிலின் இணையதளத்தில் உள்ளன. கட்டணம் செலுத்தும் முன், சேரவிருக்கும் கல்வியாண்டுக்குக் கல்லூரியின் ஒப்புதல் நடப்பில் உள்ளதா என்பதை மாணவர்கள் அங்கு சரிபார்த்துக்கொள்ளலாம்.