பந்து வீசலாம், தலைமை கேட்கக் கூடாது



1947 ஏப்ரல் 15 அன்று, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் 42ஆம் எண் சட்டையோடு அமெரிக்காவின் உயர்நிலை பேஸ்பால் ஆட்டத்தில் இறங்கினார். சுமார் அறுபது ஆண்டுகள் அவர் மக்களை வெளியே நிறுத்தியிருந்த தடை எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. அணி முதலாளிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உடன்பாடு அது. அன்று அவர் அணி 5–3 என வென்றது. இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 29 அன்று, நம் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றது.

ராபின்சனை உலகம் அறியும். அவருக்கு முன்பே எழுதப்படாத விதியோடு மோதிய நம் ஆட்டக்காரர் பல்வாங்கர் பாலுவை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பாலு சமார் சாதியில் 1876இல் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு மைதானத்தைப் பராமரித்தார். அதிகாரிகளின் பயிற்சிக்கு மணிக்கணக்கில் இடக்கையால் சுழற்பந்து வீசினார். மட்டை பிடிக்க அவரை விடவில்லை. வெள்ளையரை வெல்ல ஆசைப்பட்ட புனே இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்தார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குப் பந்தலுக்கு வெளியே தூக்கியெறியும் மண்குவளை. தோலை உரித்துப் பதப்படுத்தும் சாதி தீட்டு, அந்தத் தோலில் செய்த பந்து தீட்டில்லை என்பதுதான் அவர்கள் கணக்கு.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றது. பாலு எட்டு விக்கெட் வீழ்த்தினார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். அந்த அணிக்குத் தலைவர் பட்டியாலா மகாராஜா. இந்துக்கள் அணியின் தலைமையும் பாலுவுக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். அவர் தம்பி விட்டலுக்குத் தலைமையை மறுத்தார்கள். விட்டலும் இன்னொரு தம்பி சிவராமும் ஆட மறுத்து வெளியேறினார்கள். 1923இல் விட்டல் தலைவரானார். அணி கோப்பையை வென்றது. தலைமை கருணையால் வரவில்லை, அந்த வெளியேற்றத்தால் வந்தது என்றே நாம் வாசிக்கிறோம்.

பாலுவை நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. இளம் அம்பேத்கர் போற்றிய அந்த வீரர், 1932இல் பூனா ஒப்பந்த நாட்களில் நம் எம்.சி. ராஜாவோடு நின்று அண்ணலின் நிலைப்பாட்டை எதிர்த்தார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அண்ணலுக்கு எதிராகவே நிறுத்தியது. அண்ணல் 13,245 வாக்குகள், பாலு 11,225. ஒரு தலித்தின் புகழை இன்னொரு தலித்துக்கு எதிராகப் பயன்படுத்தும் வித்தை அன்றைக்கே இருந்தது. இதையும் சேர்த்துத்தான் நாம் வரலாறு படிக்க வேண்டும்.

ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளில் உழைக்கும் நமக்கு இந்தக் கதை பழசில்லை. கம்பெனிக்குள் ஒரே சீருடை, ஒரே கேன்டீன் வரிசை. ஷிஃப்ட் முடிந்து வாடகைக்கு வீடு தேடிப் போனால், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வருகிறது. ஊருக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஊர் அணி வேறு, காலனி அணி வேறு. நம் பையன் நன்றாகப் பந்து வீசினால் ஊர் அணிக்குக் கூப்பிடுவார்கள். கோப்பையை வாங்க மேடை ஏறுவது யார், கணக்குப் புத்தகம் யார் கையில் என்று அவன் கேட்டால் மறுவாரம் கூப்பிட மாட்டார்கள்.

சட்டத்தில் இல்லாத தடையைச் சட்டம் மட்டுமே உடைத்துவிடாது. நம் உழைப்பும் திறமையும் அவர்களுக்குத் தேவைப்படும் நேரம் பார்த்து, கூட்டாக மறுக்கத் தெரிய வேண்டும். விட்டலும் சிவராமும் செய்து காட்டியது அதைத்தான். சேர்த்துக்கொண்டார்கள் என்பதோடு நம் பிள்ளைகள் மனநிறைவு அடைந்துவிடக் கூடாது. தலைமை யாருக்கு என்றும் கேட்கட்டும்.

ஜெய் பீம்.