துரைக்கு எலுமிச்சம்பழம், தணிகை துரைக்குத் திருப்புகழ்

டிசம்பர் வந்தா சென்னையில சபா, கச்சேரி, கேன்டீன் அடை அவியல்னு களை கட்டிடும். அதே மாசத்தோட கடைசி ராத்திரி, டிக்கெட் இல்லாம, மேடை இல்லாம ஒரு மலைப்படியில இசை விழா ஒண்ணு நடக்குது. திருத்தணி படித் திருவிழா. ஆரம்பிச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு விதை விழுந்தது எங்க ஊர் திருவண்ணாமலையிலன்னு சொன்னா, ஊர்ப்பாசத்துல அளக்கிறான்னு நினைப்பீங்க. முழுசா படிச்சிட்டு முடிவு பண்ணுங்க :-)

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுக்காரர், எங்க ஊர்க்காரர். வாழ்க்கை வெறுத்துப்போய் வல்லாள மகாராஜா கோபுரத்துல இருந்து குதிச்சார், முருகன் தாங்கிப் பிடிச்சார்னு கதை. அந்தக் கோபுரத்தை ஒட்டி இன்னிக்கும் கோபுரத்து இளையனார் சந்நிதி இருக்கு. ஆயிரங்கால் மண்டபம் பக்கத்துல கம்பத்து இளையனார். பிரபுடதேவராயன் முன்னால முருகன் தூணில காட்சி தந்த இடம்னு சொல்வாங்க. அவர் பாடினது பதினாறாயிரம் பாட்டுன்னு ஒரு நம்பிக்கை. கிடைச்சிருக்கிறது 1,300 சொச்சம்தான்.

காணாமப் போனது பாட்டு மட்டுமில்ல, மெட்டும்தான். அருணகிரி என்ன ராகத்துல பாடினார்னு யாருக்கும் தெரியாது. அவர் காலத்து ஸ்வரக் குறிப்பு எதுவும் நம்ம கைக்கு வரலை. ஆனா தாளம் தப்பிச்சிடுச்சு. காரணம் சந்தம். தன்ன, தத்த, தய்யன்னு ஒரு கணக்கைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு சொல்லையும் அந்த அச்சுல வார்த்து வச்சிருக்கார். குறில் நெடில் பிசகாம வாய் விட்டுப் படிச்சாலே மிருதங்கம் கூடவே வர்ற மாதிரி இருக்கும். மெட்டு தொலைஞ்சாலும் பாட்டு செத்துப் போகாததுக்கு இதுதான் ரகசியம்னு நான் நினைக்கிறேன்.

சரி, பாட்டுகளைத் தேடிப் பிடிச்சது யாரு? செங்கல்பட்டு பக்கம் வடக்குப்பட்டுல பிறந்த சுப்பிரமணிய பிள்ளை. கோர்ட் உத்தியோகஸ்தர், பிற்பாடு மாவட்ட முன்சீப். 1871ல ஒரு வழக்குல சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் தரப்புக்கு ஆதாரமா ஒரு திருப்புகழைக் காட்டினாங்க. கோர்ட்ல எத்தனையோ கட்டு காகிதம் பார்த்த மனுஷன், அந்த ஒரு பாட்டுல விழுந்துட்டார். ஊர் ஊராப் போய் ஏடு தேட ஆரம்பிச்சு, 1890களில் முதல் தொகுதியை அச்சுல கொண்டு வந்தார். 1909ல அவர் காலமானதும் மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளை (தணிகைமணின்னு சொன்னா தெரியும்) அந்த வேலையைத் தொடர்ந்து, உரையும் எழுதினார்.

புத்தகம் வந்தாச்சு. ஆனா புத்தகம் பாடாதே. பாட ஒரு ஆள் வேணும். அவர் ஒரு சமையல்காரர்!

அர்த்தநாரின்னு பேர், 1870ல பிறந்தவர். மைசூர் அரண்மனையில சமையல் வேலை. தீராத வயித்து வலியோட பழனிக்கு வந்தார், வலி தீர்ந்தது, அங்கே ஒரு நடனப் பெண் பாடின திருப்புகழைக் கேட்டு உருகிட்டார்னு சொல்வாங்க. அப்புறம் வந்து சேர்ந்த இடம் திருவண்ணாமலை. ரமணர் அப்போ மலை மேல விரூபாக்ஷ குகையில இருந்தார். அவர் 'கீழே போ'ன்னு சொல்ல, இவர் இறங்கி வந்தா எதிர்ல சேஷாத்ரி சுவாமிகள். திருப்புகழ்தான் உனக்கு மந்திரம், வள்ளிமலைக்குப் போன்னு அவர் அனுப்பி வச்சதா வரலாறு. அந்தச் சமையல்காரர்தான் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள்.

அந்தக் காலத்துல ஜனவரி 1ஆம் தேதின்னா உத்தியோகஸ்தர்கள் மாலையும் எலுமிச்சம்பழமுமா வெள்ளைக்கார துரை வீட்டு வாசல்ல நிப்பாங்க. சுவாமிகளுக்கு இது பொறுக்கலை. துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகைமலையில இருக்கான், முதல்ல அவனைப் பாருங்கன்னு 1917 டிசம்பர் 31ல ஆளுங்களைத் திரட்டினார். திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்துக்கு 365 நாள். படிக்கு ஒரு பாட்டு. கோஷம் போடாம, கொடி பிடிக்காம ஒரு ஒத்துழையாமை. காந்தியோட இயக்கம் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி!

அப்புறம் வரலாறு அந்த மலையைச் சுத்தி என்னென்னவோ பண்ணிச்சு. சித்தூர் ஜில்லாவோட சேர்ந்து 1953ல திருத்தணி ஆந்திராவுக்குப் போச்சு. பெரிய போராட்டத்துக்கு அப்புறம் 1960 ஏப்ரல் 1ல திரும்பி வந்தது. துரைங்க போயே போயிட்டாங்க. படிப்பாட்டு மட்டும் நிக்கலை.

எங்க செட்டு நாலு பேர் ஒரு வருஷம் போனோம். ஊர்ல ஒண்ணாப் படிச்சவங்க. ஒருத்தன் பாங்க், ஒருத்தன் பெங்களூர்ல சாப்ட்வேர், ஒருத்தன் செங்கம் பக்கம் மல்லாட்டை போடுற விவசாயி, அப்புறம் நான். பாங்க்காரனுக்கும் விவசாயிக்கும் ஒரு கைமாத்து விஷயத்துல மூணு வருஷமா பேச்சுவார்த்தை இல்லை. வேலூர், சோளிங்கர் வழியா போற வரைக்கும் கார்ல ஒரு வார்த்தை இல்லை. பெங்களூர்க்காரன் சாமி கும்பிடறவன் இல்ல, 'மியூசிக்குக்காக வரேன்'னுட்டான்.

அங்கே போனா, படிக்குப் படி மஞ்சள் குங்குமம், கற்பூரம். ஒவ்வொரு ஊர் பஜனை கோஷ்டியும் ஒவ்வொரு மெட்டு. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுக்க மத்தவங்க வாங்கிப் பாடணும், இல்லேன்னா அடுத்த படிக்கு ஏற முடியாது. நம்ம விவசாயிக்கு நல்ல குரல், எடுத்துக் கொடுத்தான். முதல்ல வாங்கிப் பாடினது பாங்க்காரன். சாமி இல்லேன்னவன் தொடையில தாளம் போட்டு, பாதி மலைக்கு மேல ஜால்ராவை வாங்கிட்டான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்களான்னு கேக்காதீங்க, இது சினிமா இல்ல. திரும்பும்போது 'டீ சாப்பிடறியா'ன்னு ஒருத்தன் கேட்டான், இன்னொருத்தன் 'ம்'னான். அவ்வளவுதான். இப்போ போன்ல பேசிக்கிறாங்க.

கச்சேரியில நாம கேட்கிறவங்க. பிடிக்கலேன்னா கேன்டீனுக்கு எழுந்து போயிடலாம். படியில அது நடக்காது, பாடினாத்தான் நகரும். திருப்புகழைக் காப்பாத்தினது பெரிய வித்வான்கள் மட்டும்னு எனக்குத் தோணலை. கோர்ட் உத்தியோகஸ்தர், சமையல்காரர், டெல்லியில நூத்துக்கணக்கான பாட்டுக்கு ராகம் தாளம் அமைச்சு ஆயிரக்கணக்கானவங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஏ.எஸ்.ராகவன், அப்புறம் பேர் தெரியாத பஜனை கோஷ்டிங்க. நம்மள்ல பல பேருக்குத் திருப்புகழ்னா 1964ல வந்த 'அருணகிரிநாதர்' படத்துல டி.எம்.எஸ். பாடின ஒரே மெட்டுதான் தெரியும். அருமையான பாட்டு, சந்தேகமில்லை. ஆனா சந்தம் ஒண்ணா இருந்தா எத்தனை மெட்டு வேணா போடலாம்னுதான் அந்தப் படிங்க சொல்லுது.

உங்க வீட்டுப் பாட்டியோ, ஊர் ஓதுவாரோ, பஜனை மடத்துப் பெரியவரோ வேற மெட்டுல பாடறாங்களா? கையில போன் இருக்கே, உடனே பதிவு பண்ணி வைங்க. ஏட்டைத் தேடிப் போக ஒரு சுப்பிரமணிய பிள்ளை கிடைச்சார். மெட்டை எந்த ஏட்டுல போய்த் தேடறது?